நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றவன்

வாசகர் வட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் பணி என்பது, ஊதியம் வாங்காமல் பொய் கேட்கும் பணி. ஊதியம் வாங்கிக்கொண்டு பொய் கேட்கும் பணியை நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பார்த்தவன், தமிழாசிரியனாக. வீட்டுப்பாட ஏட்டை ஆடு தின்றுவிட்டது என்பது முதல், எழுதிய மை மழையில் கரைந்துவிட்டது என்பது வரை எல்லாவற்றையும் கேட்டாயிற்று. ஓய்வு பெற்றதும் அது முடிந்துவிட்டது என நம்பியதுதான் என் பிழை.

தென்காசியில், தேரடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகம் இருக்கிறது. அதன் மாடியில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் வட்டம் கூடும். உறை போட்ட தட்டச்சுப் பொறிகளுக்கு நடுவே இருபது பேர் அமர்வோம். ஒருவர்பின் ஒருவராக எழுந்து, தாம் இப்போது வாசிக்கும் நூல் எது, அதில் தமக்குப் பிடித்தது எது என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். வேறு நோக்கம் எதுவும் இல்லை. முதல் அழைப்பிதழை எழுதியவன் நான். "நீங்கள் இப்போது என்ன வாசிக்கிறீர்கள்? அதில் எதை ரசிக்கிறீர்கள்?" என்ற இரண்டு வரிகளே அதில் இருந்தன. அந்த இரண்டு வரிகளோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

வேறு ஊர்களில் இத்தகைய வட்டங்களை நடத்தித் தவிக்கும் அன்பர்கள் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சில நிகழ்வுகளை எழுதுகிறேன். நூல்களின் பெயர்களைக் குறிப்பிடப்போவதில்லை. அவற்றை எழுதியவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

பத்துப் பக்கம்

வட்டம் தொடங்கிய ஆறாம் மாதமே ஓர் உண்மை புலப்பட்டது. பலர் வாசிக்காமலேயே பேசினார்கள். பின்னட்டையை வாசித்துவிட்டு ஐந்து நிமிடம் பேசுவது எளிது. பக்கத்தில் இருப்பவர் பேசியதையே சற்று முன்பின்னாகப் பேசுவது அதனினும் எளிது. ஆசிரியன் கை சும்மா இருக்குமா? நீளமான பதிவேடு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டேன்: வரிசை எண், பெயர், நூல், அடைந்துள்ள பக்கம், கையொப்பம். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு ஒரே பக்கத்தில் நிற்பவரின் பெயர் நீக்கப்படும் என்று ஒரு விதியும் எழுதி, அதன் முதல் தாளில் ஒட்டினேன். விதியை முன்மொழிந்தவன் நான். வழிமொழிய எவரும் எழாததால், மறுப்பில்லை எனக் கொண்டு நிறைவேற்றியவனும் நானே.

பதிவேட்டைக் கண்டு முதலில் மகிழ்ந்தவர் வடகரை செல்லப்பா. படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்பவர். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையில் சரியாக முந்நூறு பக்கம் முன்னேறியிருப்பார். 'அவரைப் பாருங்கள்' என்று மற்றவர்களுக்குச் சுட்டிக்காட்டுவேன். ஒருமுறை, அவர் முடித்திருந்த நாவலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லும்படி கேட்டேன். எழுந்தார், கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டார், எதிர்ச்சுவரைப் பார்த்துச் சற்று யோசித்தார்.

"கதையா? டெய்லி பத்துப் பக்கம்னு வச்சு, ஒரு நாள் தவறாம முடிச்சிருக்கேன் சார். கதையும் கவனிக்கணும்னு நீங்க சொல்லலையே."

நாள் வந்தால் பக்கம் வரும்

பயிலகத்தின் உரிமையாளரை நாங்கள் அண்ணாச்சி என்போம். இடம் கொடுத்தவர் என்பதால் அவரையும் உறுப்பினராகச் சேர்த்திருந்தோம். அவர் வாசிப்பதாகப் பதிவேட்டில் எழுதிய நூல், பாம்புப் பஞ்சாங்கம் அளவில் ஒரு பஞ்சாங்கம். இது நூலாகாது என்றேன். அட்டை இருக்கிறது, அச்சிட்டிருக்கிறார்கள், பக்க எண் இருக்கிறது, பின் ஏன் ஆகாது என்றார். பதிவை அப்படியே விட்டேன். ஆனாலும் மாதம் முழுவதும் இரண்டு பக்கம்தானே நகர்ந்திருக்கிறது, சற்று விரைந்து வாசிக்கலாகாதா என்று கேட்டுப் பார்த்தேன்.

"அவசரப்பட்டு என்ன செய்ய, சார்? இதுல நாள் வந்தாத்தான் பக்கம் வரும்."

உறை பிரித்தவர்

எங்கள் வட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. சென்ற ஆண்டுச் சாரல் காலத்தில், வங்கியில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்ற ஒருவர் அதில் சேர்ந்தார். பூர்விகம் இவ்வூர், குடியிருப்பு சென்னை. குற்றாலத்தில் ஒரு மாதத்துக்கு அறை எடுத்துத் தங்கியிருந்தார். 'இன்றைய வாசிப்பு' என்று நாளொரு படம் அனுப்புவார். கைப்பிடிச் சுவர்மேல் ஒரு புத்தகம், அருகே காபித் தம்ளர், பின்னால் அருவி. நாளுக்கு ஒரு நூல். அத்தனையும் கனமான நூல்கள். குழுவில் இருந்தவர்களுக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிட்டது. இருபது பக்கமாக உயர்த்திக்கொள்ளட்டுமா என்று செல்லப்பா தனியாக எனக்கு எழுதிக் கேட்டார்.

ஒருநாள் காலை ஐந்தருவிப் பக்கம் போயிருந்தபோது அவரை நேரிலேயே கண்டேன். புத்தகத்தைச் சுவர்மேல் சாய்த்து வைத்துப் படமெடுக்கக் குனிந்திருந்தார். மரத்திலிருந்து இறங்கிய குரங்கொன்று அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளி அமர்ந்தது. கண்ணாடித்தாள் உறையைப் பல்லால் கிழித்து எறிந்தது. நூலைத் திறந்தது. இரண்டு தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உண்பதற்கு ஒன்றும் இல்லை எனக் கண்டு கீழே போட்டுவிட்டுச் சென்றது. அந்நூலைப் பொறுத்தவரை, உரிமையாளரைவிட அக்குரங்கு இரண்டு தாள் முன்னேறிவிட்டது. அவர் பையில் இருந்த மற்ற ஐந்து நூல்களும் கடையில் போட்ட உறையோடு அப்படியே இருந்தன. என் பார்வையைப் புரிந்துகொண்டார்.

"பிரிச்சிட்டா அது பழைய புத்தகம் ஆயிரும்லா சார். படிக்க நேரம் கிடைக்கும்போது புதுசா இருக்கணும்னுதான் எதையும் பிரிக்காம வச்சிருக்கேன்."

நாற்பத்தொன்று

கோமதி கடையத்திலிருந்து பேருந்தில் வருவார். நாற்பது வயதிருக்கும். கணவர் காவல்துறையில், வெளியூரில் பணி. வீட்டில் படுக்கையோடு இருக்கும் மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். மாதத்தில் இந்த ஒரு காலைப்பொழுதை மட்டும் தமக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டு வருவதாக ஒருமுறை சொன்னார். சென்ற டிசம்பர் கூட்டத்தில் ஒரு நாவலைப் பற்றிப் பேசினார். பெரிய குடும்பத்துக்கு மருமகளாக வந்த ஒருத்தி, எல்லாரும் ஒரு திருமணத்துக்குப் போய்விட்ட நாளில், சன்னலோரம் தனியாக அமர்ந்து சாப்பிடுகிறாள். "அவ்வளவுதான் சார் அந்தப் பக்கத்துல இருக்கு. சோறு ஆறுததுக்கு முன்ன சாப்பிடுதா. யாரும் அவளக் கூப்பிடல," என்றார். அண்ணாச்சிகூட விழித்திருந்தார். கோமதி பதிவேட்டில் 41 என எழுதிக் கையொப்பமிட்டார்.

சனவரியிலும் 41. பிப்ரவரியிலும் 41. வாசிக்க நேரம் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். மத்தியானம் கால் மணி நேரம் கிடைக்கிறது, அதில் அந்த ஒரு பக்கத்தைத்தான் அன்றாடம் வாசிக்கிறேன், ஒவ்வொரு நாளும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பக்கத்தைத் திருப்பினால் கல்யாணத்துக்குப் போனவர்கள் வந்துவிடுவார்களோ என்று தோன்றுகிறதாம். விதி எல்லார்க்கும் பொது என்றேன். இருபது பேர் முன்னிலையில், அளவுகோல் வைத்து, அவர் பெயர்மேல் சிவப்புக் கோடு போட்டேன். அளவுகோலை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோமதி பையை எடுத்துக்கொண்டு நடந்தார். படிக்கட்டருகே நின்று திரும்பினார்.

"சரி சார், அடிச்சிருங்க. ஆனா எங்களக் கூப்பிடும்போது என்ன படிக்கீங்கன்னுதானே கேட்டீங்க? எவ்வளவு படிச்சிருக்கீங்கன்னு கேக்கலையே."

சிவப்பு மை

இவ்விடத்தில் என் வாசிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதே டிசம்பரில் நான் எழுநூற்று நாற்பது பக்க வரலாற்று நாவல் ஒன்றைத் தொடங்கியிருந்தேன். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, கையில் சிவப்புப் பேனாவோடு வாசிப்பது என் வழக்கம். விட்டுப்போன ஒற்றெழுத்தைச் சேர்ப்பேன். ஒருமையில் தொடங்கிப் பன்மையில் முடியும் வாக்கியத்தைச் சுழிப்பேன். அரசன் கறுப்புக் குதிரையில் ஏறி, அடுத்த பக்கத்தில் வெள்ளைக் குதிரையிலிருந்து இறங்கினால், ஓரத்தில் 'கவனம் தேவை' என எழுதுவேன். நான்கு பக்கம் திருத்துவதற்குள் கழுத்து வலிக்கும். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஏழு திருத்தங்கள் செய்துவிட்டு மூடி வைத்தேன். அதன்பின் அதைத் திறக்கக் கை வரவில்லை. சனவரியில் 112 என எழுதினேன். பிப்ரவரியில், கோமதியின் பெயரை அடித்த பேனாவின் மூடியைத் திருகுவதற்கு முன், மீண்டும் 112 என எழுதினேன்.

மார்ச்சிலும் அதையே எழுதினால், நான் இயற்றிய விதிப்படி என் பெயரை நானே அடிக்க வேண்டும். ஒரு பெண்ணின் பெயரை அடித்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் அது எவ்வளவு பெரிய தலைகுனிவு என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு மாணவனுக்கும் அரை மதிப்பெண் கூட்டிப் போடாத கை, 168 என எழுதிற்று. முதல் பொய்தான் கடினம். ஏப்ரலில் 305, மேயில் 520, சூனில் '740, முடிந்தது' என எழுதி அடிக்கோடும் இட்டேன். பேசவும் வேண்டுமே. 'முடிவில் அறம் வெல்கிறது' என்றேன். வரலாற்று நாவல்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும் என்ற துணிவு. கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து, கைதட்டிய செய்தியை மனைவியிடம் சொன்னேன். வார இதழில் தொடர்கதை வாசித்துக்கொண்டிருந்தவள், அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கை தட்டுனாங்க, சரி. இத்தன வருசமா பாக்கேன், புத்தகத்தக் கையில வச்சுக்கிட்டு ஒரு நாளாவது சிரிச்சிருக்கீங்களா?"

முடிவில்லாத நூல்கள்

அன்று கை தட்டியவர்களுள் சுடலைமுத்துவும் ஒருவர். குற்றாலத்தில் அருவிக்குக் குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவர். ஐம்பதைக் கடந்தவர், தோளும் புயமும் பார்த்தால் நம்ப முடியாது. விடுதிகளில் தங்குபவர்கள் விட்டுச் செல்லும் நூல்களே அவருடைய நூலகம். அவற்றில் ஒரு குறை உண்டு. சாரலில் நின்று பஜ்ஜி தின்பவர்கள், எண்ணெயை ஒற்றி எடுக்கக் கையில் உள்ள புத்தகத்தின் கடைசித் தாள்களைத்தான் கிழிப்பார்கள். முதல் தாளைக் கிழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஆகவே சுடலைமுத்து எத்தனையோ நாவல்களை வாசித்தும், எவற்றின் முடிவும் அறியாதவர். பதிவேட்டில் பக்க எண்ணுக்கு நேரே '212, அதுக்கு மேல இல்ல' என்று எழுதுவார். அதிலிருந்த பேச்சு வழக்கை நான் ஒவ்வொரு முறையும் திருத்துவேன்.

அவர் வாசிக்கும் முறையும் தனி. அருவியில் வெள்ளம் வந்து, காவலர் கயிறு கட்டிக் குளிக்கத் தடை விதித்தால், அவருக்கு அன்று தொழில் இல்லை. அது வாசிப்பு நாள். எந்த நூலைக் கேட்டாலும் 'அது ரெண்டு தடைப் புத்தகம்', 'இது மூணு தடைப் புத்தகம்' என்றுதான் அளவு சொல்வார். அந்தச் சூன் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். நான் அணிகலனைப்போல் கையில் வைத்திருந்த எழுநூற்று நாற்பது பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பின்னட்டையைத் திறந்து, கடைசித் தாள் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, வாசிக்கக் கேட்டார். அத்தனை பேர் பார்த்திருக்க நான் எப்படி மறுப்பது? பிறர் விடைத்தாளில் தடயம் தேடியே பழகிய எனக்கு, என் நூலிலும் தடயம் இருக்கும் என்பது அக்கணத்தில் தோன்றவேயில்லை.

"முடிவு உள்ள புத்தகத்த நான் தொட்டதே இல்ல சார். அறம் எப்படி ஜெயிக்குன்னு பாத்துட்டுத் திருப்பித் தந்திருதேன்."

கழுத்து வலி

சூலைக் கூட்டத்துக்கு ஆறு பேரே வந்தனர். சாரல் விழுந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் வெளியூர் உறவினர். சுடலைமுத்துவுக்கோ அது தொழில் உச்சத்தில் இருக்கும் காலம். மாதக் கடைசியில் என் கழுத்து வலி அதிகமாகவே, ஒரு வேலைநாள் காலையில் நானே அவரைத் தேடிக் குற்றாலம் போனேன். துண்டைக் கட்டிக்கொண்டு கல்லில் அமர்ந்தேன். "பேனா பிடிக்குத ஆளுகளுக்கு இங்கனதான் வலி பிடிக்கும்," என்று சொல்லி, உச்சந்தலையில் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயைக் கவிழ்த்தார். நன்றாகத் தேய்த்துக்கொண்டே, இந்த ஆண்டு நான்கு நாள் தடை என்றும், புத்தகத்தை முடித்துவிட்டதாகவும் சொன்னார். நல்லது என்றேன்.

"அறம் எங்கன சார் ஜெயிச்சுது?"

கண்ணில் எண்ணெய் இறங்குகிறது என்றேன்.

"மூடிக்கோங்க. ராணி தோணியில ஏறிப் போயிருதா. ராசா கரையில நிக்கான், கூப்பிடக்கூட இல்ல. ரெண்டாந் தடவையும் வாசிச்சுப் பாத்தேன். அறம்னு ஒண்ணையும் காணோமே."

அது குறிப்பால் உணர்த்தப்பட்டிருக்கிறது என்றேன். மறுமொழி இல்லாமல் இருப்பது ஆசிரியனுக்கு ஆகாது.

"இருக்கும், இருக்கும்," என்று கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். "ஆனா உங்க சிவப்பு மை நூத்திப்பன்னண்டோட நின்னுட்டுதே. அதுக்கு மேல ஒரு புள்ளி இல்ல. நூத்திப்பதிமூணுல ராசாவோட தம்பி பேரே மாறிக் கெடக்கு. நீங்க பாத்திருந்தா விட்டிருப்பீங்களா?"

இடுப்பில் துண்டும் உடம்பெல்லாம் எண்ணெயுமாக, கண்ணை மூடிக் குனிந்து அமர்ந்திருக்கும் ஒருவனால் தன் மதிப்பைக் காத்துக்கொள்ள முடியாது. அவர் என் தோளில் கை வைத்து எழுப்பிவிட்டார்.

"யார்ட்டயும் சொல்லமாட்டேன் சார், இந்த எண்ணெயோட போயிரும். ஆனா அந்தக் கடையத்து அக்கா, நாப்பத்தொண்ணுன்னாலும் உண்மையா நின்னாங்க."

அளவுகோல், மீண்டும்

அருவியில் எண்ணெய் போயிற்று. அந்தச் சொல் போகவில்லை. ஆகஸ்டுக் கூட்டத்துக்கு அளவுகோலோடு போனேன். யார் பெயர் அடிபடப் போகிறதோ என்று எல்லாரும் தத்தம் நூல்களை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். எழுந்து, மார்ச் முதல் சூன் வரை நான் எழுதிய நான்கு எண்களும் பொய் என்றும், நான் நின்றது நூற்றுப் பன்னிரண்டில் என்றும் சொன்னேன். வாக்கியத்தை எழுவாய், பயனிலை தவறாமல் சொன்னேன், குரல்தான் தவறிற்று. சுடலைமுத்து குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அளவுகோலை வைத்து என் பெயரை அடித்தேன். கோமதியின் பெயருக்குப் போட்ட கோடு நேராக விழுந்திருந்தது. இது சற்றுக் கோணிவிட்டது. அதுவரை விறைப்பாக அமர்ந்திருந்த செல்லப்பா, ஐயம் கேட்கும் முறையில் கையை உயர்த்தினார்.

"மூணு கூட்டம் ஒரே பக்கத்துல நின்னா பேரை அடிக்கணும், சரி. எட்டுக் கூட்டம் நின்னவர என்ன செய்யணும்னு ரூல்ல இல்லையே, சார்?"

கடையம்

பதிவேட்டை இனி யார் வைத்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது. கோமதியைக் கேட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாளே அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு கடையத்துக்குப் பேருந்து ஏறினேன். நடைக்கூடத்தில் காயாத துணிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு அமரச் சொன்னார். "எந்தப் பக்கத்துல நிக்கேன்னு பாக்க வந்தீங்களா, சார்?" என்று கேட்டார். இல்லை, நான் எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்ல வந்தேன் என்றேன். சொன்னேன். அவர் பெயரை அடித்தது தவறு என்பதையும், அவரை மீண்டும் அழைக்க எனக்குத் தகுதியில்லை, வட்டம் அழைக்கிறது என்பதையும் சொன்னேன். உள்ளேயிருந்து மாமியார் யாரென்று கேட்டார். "வாத்தியாரு அத்தை, மார்க்கு போட வந்திருக்காரு," என்று பதில் போயிற்று.

காபி வந்தது. நாற்பத்திரண்டாம் பக்கத்துக்குப் போனாரா என்று மெல்லக் கேட்டேன். "போனேன் சார். எல்லாரும் வந்துட்டாங்க. ஆனா அதுக்குள்ள அவ சாப்பிட்டு முடிச்சிட்டா," என்றார். முகத்தில் ஒரு நிறைவு. பிறகு, எவரும் அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார். அந்த நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் என்னதான் நடக்கிறது? எண்ணிப் பார்த்தேன். ஏழு திருத்தங்களும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அப்பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்பது ஒன்றும் வரவில்லை. அதைச் சொன்னபோது கோமதி பதிவேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். 'அடைந்துள்ள பக்கம்' என்ற தலைப்பைத் தம் பேனாவால் அடித்தார், அளவுகோல் இல்லாமல். மேலே 'பிடிச்ச இடம்' என்று எழுதினார். அதைத் திருத்த என் விரல்கள் ஒரு கணம் பேனாவைத் தேடின என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"அப்ப நூத்திப்பன்னண்டுல நீங்க நிக்கல சார், உங்க பேனாதான் நின்னிருக்கு. நீங்க இன்னும் முதல் பக்கத்துக்கே வரல."

வழுக்கும் தாள்

செப்டம்பரில் என்னைப் புதிய உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். என் இடம் கடைசி வரிசையில், உறை கிழிந்த ஒரு தட்டச்சுப் பொறிக்குப் பக்கத்தில். சுடலைமுத்து நாவலைத் திருப்பித் தந்திருந்தார். வீட்டில் அதை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். பழக்கம் விடாமல், கையில் பேனாவோடுதான். நூற்றுப் பன்னிரண்டு வரை என் மை. ஒன்று முதல் எழுநூற்று நாற்பது வரை, ஒரு பக்கம் விடாமல், அவருடைய கட்டைவிரல் எண்ணெய். யார் வாசித்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவேட்டை நான் கண்டதில்லை. அந்த எண்ணெய் ஓரங்களில் நான்கு விரல் அகலத்துக்கு ஊறியிருந்தது. நான் முன்பு கவனிக்கத் தவறிய பிழை ஒன்று மூன்றாம் பக்கத்தில் அகப்பட்டது. ஓரத்தில் எழுதப் போனேன். பேனா வழுக்கிற்று, மை ஒட்டவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். வேறு வழியில்லாமல் கதையை வாசிக்கத் தொடங்கினேன். முப்பத்தேழாம் பக்கத்தில், அரசவைப் புலவர் தம் மாமியாருக்கு அஞ்சி நெற்குதிருக்குள் ஒளிந்திருக்க, அவரைத் தேடி அரசனே அங்கு வந்து சேர்கிறான். அந்த இடத்துக்கு முன்பு நான் மூன்று திருத்தங்கள் செய்திருக்கிறேன். அது வேடிக்கையானது என்பதை இப்போதுதான் கண்டேன். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன, தன்னால சிரிக்கீங்க? கழுத்து வலி தலைக்கு ஏறிட்டா?"

பிறர் படித்தார்களா என்று பார்ப்பதற்கே முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊதியம் வாங்கியவன், ஊதியமும் இல்லாமல் பேனாவும் இல்லாமல், எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்று எவரும் கேட்காத கடைசி வரிசையில் இப்போதுதான் படிக்கச் சேர்ந்திருக்கிறேன்.